ஊர்ச் சங்கத்து பழைய வெப்சைட்ட புது சாஃப்ட்வேருக்கு மாத்துறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க ஊர்ச் சங்கத்து சைட் 2003ல ஆரம்பிச்சது. மொதல்ல வெறும் எச்டிஎம்எல், எழுத்து பெரும்பாலும் டிஸ்கி (யூனிகோடுக்கு முந்துன ஒரு தமிழ் எழுத்து முறை). 2009ல ட்ருப்பல்னு சைட் நடத்துற சாஃப்ட்வேரோட 6ஆம் பதிப்பு, அப்புறம் ட்ருப்பல் 7. போன வருஷம் நானும் இன்னும் ரெண்டு பேரும் உக்காந்து அத வேர்ட்பிரஸ்னு அதே மாதிரி இன்னொரு சாஃப்ட்வேருக்கு கொண்டு வந்தோம். அதுலேர்ந்து பக்கத்து ஊர் சங்கம், பள்ளிக்கூட பழைய மாணவர் குரூப்புன்னு யாராவது ஒருத்தர் போன் போட்டு அதே கேள்விகளையே கேக்குறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்லேர்ந்து சொல்ல முடியல, அதான் மொத்தமா இங்க அடிச்சு வெச்சுட்டேன்.

நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருக்கு, எதுக்கு மாத்தணும்?

எங்க தலைவரும் இதத்தான் கேட்டாரு. ட்ருப்பல் 7 வந்தது 2011 ஜனவரி 5. அத உருவாக்குன குழுவே 2025 ஜனவரி 5ஆம் தேதியோட கைகழுவிட்டாங்க, அதுவும் நடுவுல பலதடவ தள்ளிப் போட்டு. அதுக்கப்புறம் ஓட்ட கண்டுபிடிச்சா அடைக்க அவங்க வரமாட்டாங்க. ஓட்டன்னா என்னன்னு தெரிய 2014 அக்டோபர் 15 கதையக் கேளுங்க. அன்னிக்கு ட்ருப்பல் 7ல டேட்டாபேஸ் வரைக்கும் நேரா கைய விடுற மாதிரி ஒரு ஓட்டை வெளிய தெரிஞ்சுது, கூடவே அத அடைக்கிற ஒட்டும் குடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே சொன்னது என்னன்னா, அறிவிச்ச ஏழு மணி நேரத்துக்குள்ள ஒட்டு போடாத சைட் எதுவா இருந்தாலும் உள்ள ஆள் பூந்துட்டான்னே வெச்சுக்கங்க. ஏழு மணி நேரம்! நம்ம சங்கத்துல ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்கு ரிப்ளை வரவே ரெண்டு நாள் ஆகுது.

இன்னொன்னு, சைட் தானா சாகாட்டியும் அடியில இருக்குற பிஎச்பி (இந்த சாஃப்ட்வேரெல்லாம் எழுதியிருக்குற கம்ப்யூட்டர் மொழி) அத சாகடிச்சிரும். பிஎச்பி 5.6க்கு ஆதரவு 2018 டிசம்பரோட முடிஞ்சுது. 7.0 வந்தப்பவே மைசீக்வல்ங்கிற டேட்டாபேஸோட பேசுற பழைய ஃபங்ஷன்கள மொத்தமா தூக்கிட்டாங்க. எங்களுக்கு யாரோ ஒரு புண்ணியவான் கையால எழுதிக் குடுத்த உறுப்பினர் பட்டியல் மாட்யூல் அந்த ஃபங்ஷன்கள்லதான் நின்னுச்சு. ஹோஸ்டிங்காரங்க ஒரு நாள் பிஎச்பிய ஏத்துனாங்க, காலையில பாத்தா சைட் முழுக்க வெள்ளையா இருக்கு, ஒரு எழுத்து கிடையாது.

அப்டேட் பட்டன அமுக்குனா வேல முடிஞ்சுராதா?

7லேர்ந்து மேல போறதுக்கு அந்த பட்டன் கிடையாது. 2015 நவம்பர்ல ட்ருப்பல் 8 வந்தப்ப உள்ளுக்குள்ள பெரும்பாலானத சிம்ஃபனிங்கிற பிஎச்பி கட்டமைப்பு மேல புதுசா எழுதிட்டாங்க. அதனால பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை இல்ல இது, பக்கத்துல புது வீடு கட்டிட்டு சாமான ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போறது. ட்ருப்பல் 10க்குப் போனாலும் இதே கததான், வேர்ட்பிரஸ்ஸுக்குப் போனாலும் இதே கததான்.

புது வீடு கட்டுறது ரெண்டு வாரந்தாங்க. பரண்ல இருக்குறத எறக்கி, எது யாரோடது, எத எங்க வெக்கணும்னு பாக்குறதுலதான் எங்களுக்கு ஏழு மாசம் போச்சு. யாராவது வந்து "ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேன்"னு சொன்னா அவரு வீட்ட மட்டுந்தான் சொல்றாரு, பரணச் சொல்லல.

எதுக்கு மாறலாம்? வேர்ட்பிரஸ்ஸா, ட்ருப்பலேவா?

உங்க சங்கத்துல நாளைக்கு இத யாரு பாத்துக்கப் போறாங்கன்னு மொதல்ல சொல்லுங்க, நான் பதில் சொல்றேன். கம்போசர் (பாகங்கள எறக்கி அப்டேட் பண்ற கருவி), கமாண்ட் லைன்னு பயப்படாம வேலை செய்ற ஆளு ரெண்டு பேராவது நிரந்தரமா இருந்தா ட்ருப்பலே நல்லது, ஏன்னா பாஸ்வேர்ட் வரைக்கும் எல்லாம் அப்படியே வந்துரும், பழைய டேட்டாவ எடுத்துட்டு வர்ற மைக்ரேட் மாட்யூல் அதுலயே இருக்கு. இல்ல, செயலாளரோட பொண்ணு லீவுல வந்தா பாப்பான்னு சொல்றீங்கன்னா வேர்ட்பிரஸ். உலகத்துல இருக்குற சைட்டுல பத்துல நாலு அதுலதான் ஓடுது, தெருவுக்கு ஒருத்தராவது தெரிஞ்சவங்க கிடைப்பாங்க.

மூணாவதா ஒரு வழி இருக்கு, யாரும் பேசுறதில்ல. பேக்டிராப்னு ஒண்ணு. ட்ருப்பல் 7லேர்ந்து பிரிஞ்சு வந்தது, 2015லேர்ந்து ஓடுது, 7லேர்ந்து நேரா ஏறலாம். காசும் இல்ல ஆளும் இல்ல, ஆனா சைட் இப்ப இருக்குற மாதிரியே இருக்கணும்னா அதப் பாருங்க.

பழைய பக்கங்கள்ல எழுத்து குப்பையா தெரியுது. டைப் பண்ணவரு தப்பா அடிச்சிட்டாரா?

இல்லைங்க, அவரு சரியாத்தான் அடிச்சாரு. இங்கதான் நம்ம சைட்டுக்கும் மத்தவங்க சைட்டுக்கும் வித்தியாசம், கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

2000 வாக்குல தமிழ்ல சைட் போட்டவங்க பெரும்பாலும் யூனிகோட்ல (இப்ப எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடுற பொது எழுத்து முறை) போடல. டிஸ்கி, தமிழக அரசு 1999ல அறிவிச்ச டாப், டாம், அப்புறம் பாமினின்னு ஆளுக்கு ஒரு எழுத்துரு. அந்த ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல இருந்தாத்தான் தமிழ் தெரியும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல தானா எறங்குற ஃபான்ட் வெச்சு ஓட்டுனாங்க, அந்த பிரவுசரே இப்ப இல்ல.

டிஸ்கியில கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அந்த வரிசையில எழுத்து உக்காந்திருக்கும். "கெ"ன்னா மொதல்ல கொம்பு, அப்புறம் க. யூனிகோட்ல மொதல்ல க, பின்னாடி கொம்பு. அதனால எழுத்துக்கு எழுத்து மாத்திப் போட்டா கொம்பெல்லாம் எடம் மாறி உக்காந்துக்கும், வரிசையத் திருப்புற கன்வெர்ட்டர்தான் வேணும். என்எச்எம் கன்வெர்ட்டர் நல்லாவே பண்ணும், ஆயிரக்கணக்குல பக்கம் இருந்தா பைதான்ல ஓப்பன்-தமிழ் லைப்ரரிய வெச்சு ஸ்கிரிப்ட் எழுதிக்கலாம். டிஸ்கியில ஒரு நல்ல விஷயம், இங்கிலீஷ் எழுத்துங்க அதுங்க எடத்துலயே இருக்கும், நடுவுல இங்கிலீஷ் வார்த்தை வந்தா ஒண்ணும் ஆகாது.

பாமினிதான் வில்லங்கம். அதுல தமிழே இங்கிலீஷ் எழுத்து மேல உக்காந்திருக்கு. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி, இப்படி அடிச்சா திரையில "தமிழ்"னு வரும். கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் அது இங்கிலீஷ்தான். எது நெஜ இங்கிலீஷ், எது பாமினின்னு சொல்ற ஒரே அடையாளம் அந்த வரியச் சுத்தியிருக்குற ஃபான்ட் டேக் மட்டுந்தான். இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, பழைய எச்டிஎம்எல் அசிங்கமா இருக்கேன்னு மொதல்ல டேகையெல்லாம் வழிச்சு சுத்தம் பண்ணுவீங்க. போச்சு. அதுக்கப்புறம் ஈமெயில் முகவரியும் ஆளு பேரும் சேந்து கன்வெர்ட் ஆகி "ழ்உகெ"ன்னு ஏதோ ஒண்ணா நிக்கும். அதனால மொதல்ல எழுத்த மாத்துங்க, பிறகு டேக சுத்தம் பண்ணுங்க. நாங்க நாப்பது பக்கத்த தலைகீழாப் பண்ணிட்டு, பேக்கப்லேர்ந்து எடுத்து மறுபடி பண்ணோம்.

எங்களுது யூனிகோட்தான், ஆனா இறக்குமதி பண்ணதும் மேல கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள்ள ஆர்னு வரிசையா வருது?

அந்த வட்டத்துக்குள்ள ஆரப் பாத்ததும் நிம்மதியா மூச்சு விடுங்க, உங்க டேட்டா பத்திரமா இருக்கு. யூனிகோட் தமிழ யூடிஎஃப்-8ல (யூனிகோட பைட்டா எழுதி வெக்கிற முறை) வெக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூணு பைட். பாதிக்கு மேல குறியீடுகளுக்கு மொத ரெண்டு பைட் ஒண்ணுதான், அத லத்தீன் எழுத்தா வாசிச்சா சரியா அந்த ஏயும் வட்ட ஆரும் வரும். மைசீக்வல்ல 8.0 வர்ற வரைக்கும், அதாவது 2018 வரைக்கும், நீங்க எதுவும் சொல்லலைன்னா டேபிள லத்தீன்1ல (மேற்கு ஐரோப்பிய எழுத்து முறை), அதுவும் சுவீடன்காரங்க அகர வரிசையிலதான் வெச்சுக்கும், ஏன்னா அத எழுதுன கம்பெனி சுவீடன் கம்பெனி. பழைய சாஃப்ட்வேர் யூடிஎஃப்-8 தமிழ அந்த லத்தீன் டப்பாக்குள்ளயே கொட்டி, அப்படியே எடுத்துக் காட்டிக்கிட்டு இருந்துச்சு, யாருக்கும் தெரியல. நீங்க டம்ப் (மொத்த டேட்டாபேஸையும் ஒரு ஃபைலா எறக்குறது) எடுக்கும்போது மைசீக்வல் ரொம்ப பொறுப்பா "லத்தீன யூடிஎஃப்-8ஆ மாத்தித் தர்றேன்"னு இன்னொரு தடவ மாத்திருது.

சரி பண்ண வழி: டம்ப் எடுக்கும்போதே கேரக்டர் செட் லத்தீன்1னு சொல்லி எடுங்க, அப்ப அது எதையும் தொடாது. அந்த ஃபைல்ல லத்தீன்1னு எங்கெல்லாம் இருக்கோ அங்க யூடிஎஃப்8எம்பி4ன்னு மாத்திட்டு உள்ள போடுங்க. வெறும் யூடிஎஃப்8 போடாதீங்க, மைசீக்வல்ல அது மூணு பைட்டோட நிக்கும், தமிழுக்குப் போதும், ஆனா யாராவது ஒரு ஸ்மைலி போட்டா அங்கயே வரி அறுந்துரும்.

தேடுனா பாதி பேரு வரமாட்டேங்குது?

கௌரின்னு தேடுங்க, அப்புறம் கெளரின்னு தேடுங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. மொதல்ல இருக்குறது ஔகாரக் குறி, ரெண்டாவது கொம்பு போட்ட கெ, பக்கத்துல ள. எங்க பட்டியல்ல இருந்த கௌரி, மௌலி, சௌந்தரம் எல்லாம் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கெடந்தாங்க. ஸ்ரீயும் அப்படித்தான். ஸ போட்டு எழுதுனது ஒண்ணு, 2005ல யூனிகோட்ல சேத்த ஶ போட்டு எழுதுற ஶ்ரீ இன்னொண்ணு. எது சரின்னு சண்டை போடாதீங்க, ஏதாவது ஒண்ண முடிவு பண்ணி எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்க. ஆனா கெள-வ கண்ண மூடிக்கிட்டு மாத்துனா நெஜமாவே கெ பக்கத்துல ள வர்ற வார்த்தை ("கெளுத்தி மீன்", எங்க சமையல் பகுதியில இருந்துச்சு) கௌத்தி மாதிரி ஆயிரும், ஒரு தடவ கண்ணால பாத்துருங்க.

பழைய லிங்க் எல்லாம் உடையாம இருக்குமா?

நீங்க எதுவும் பண்ணலன்னா எல்லாம் உடையும். ட்ருப்பல்ல ஒவ்வொரு பதிவுக்கும் நோட் நம்பர்னு ஒரு வரிசை எண் இருக்கும், கூடவே மாத்துப் பேரு வெச்சிருந்தா அதுவும். ரெண்டுக்கும் புது முகவரியோட ஒரு பட்டியல் போட்டு 301 (பக்கம் நிரந்தரமா எடம் மாறிருச்சுன்னு பிரவுசருக்குச் சொல்றது) திருப்பிவிடணும். கூகுளே குறைஞ்சது ஒரு வருஷம் வெச்சிருங்கன்னு சொல்லுது, நான் எடுக்கவே எடுக்காதீங்கன்னு சொல்றேன், ஏன்னா நம்ம லிங்க் கூகுள்ல இருக்கறத விட கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்லயும் கல்யாண பத்திரிக்கைக்குப் பின்னாடியும்தான் அதிகம் இருக்கு, அதையெல்லாம் யாரு போயி திருத்துறது.

வேர்ட்பிரஸ்ல தமிழ்த் தலைப்புக்கு இன்னொரு கண்ணி இருக்கு. தலைப்புலேர்ந்து அதுவே முகவரி உண்டாக்கும், ஆனா அந்த எடத்துல 200 எழுத்துதான் பிடிக்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் சதவீதக் குறி போட்டு எழுதும்போது ஒம்போது எழுத்து ஆயிரும், அப்ப இருபத்திரெண்டு குறியீட்டுக்கு மேல போகாது, புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. எங்களுக்கு "ஆடி மாத அம்மன் கோயில் திருவிழா 2009"ன்னு ஒரு பதிவு, முகவரி "ஆடி-மாத-அம்மன்-கோயில்-திர"ன்னு வந்து நின்னுச்சு. விழாவையும் காணோம் வருஷத்தையும் காணோம். 2010 திருவிழாவுக்கும் அதே "திர", கடைசியில ஒரு 2 மட்டும் சேத்துருக்கு. பன்னெண்டு வருஷத் திருவிழாவும் இப்படி திர, திர-2, திர-3ன்னு வரிசையா நிக்குது. நாங்க கடைசியில பழைய நோட் நம்பரையே முகவரியா வெச்சுட்டோம். அழகா இல்லதான், ஆனா திருப்பிவிடுற பட்டியலு ஒரே வரியில முடிஞ்சுது.

போட்டோ?

ஃபைல் பேரு தமிழ்ல இருந்தா அத பழைய மேக் வழியா காப்பி பண்ணாதீங்க. அதுல இருக்குற எச்எஃப்எஸ் பிளஸ் வகை டிஸ்க் "கொடை"யில இருக்குற ஒத்தை ஒகரக் குறிய கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாப் பிரிச்சு வெச்சுக்கும், லினக்ஸ் சர்வருக்கு அது வேற பேரு, படம் வராது. ரெண்டு நாள் மண்டையப் பிச்சுக்கிட்டோம், பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு, படம் மட்டும் இல்ல. ஃபைல ஜிப் பண்ணாம நேரா சர்வர்லேர்ந்து சர்வருக்கு ஆர்சிங்க்ங்கிற காப்பி கருவிய வெச்சு போடுங்க.

ஃப்ளாஷ்ல செஞ்ச ஆல்பம் இருந்தா, ஃப்ளாஷ் 2020 டிசம்பரோட முடிஞ்சுது. ஆல்பத்த விடுங்க, படங்க பெரும்பாலும் பக்கத்து ஃபோல்டர்லயே தனியா கெடக்கும், அத எடுத்துக்கங்க.

உறுப்பினருங்க பாஸ்வேர்ட் என்ன ஆகும்?

ட்ருப்பல்லேர்ந்து ட்ருப்பல்னா வரும். ட்ருப்பல் 7 பாஸ்வேர்ட மடிச்சு வெக்கிற மொறை வேர்ட்பிரஸ்ஸுக்குத் தானா புரியாது, அதனால எல்லாரும் புதுசு வெச்சுக்கணும். ரீசெட் மெயில ஒரே நாள்ல எல்லாருக்கும் அனுப்புனா நேரா ஸ்பேம்லதான் போயி விழும், அம்பது அம்பதா அனுப்புங்க. பெரியவங்க பாதிப்பேரு ரெடிஃப் ஐடியில சேந்திருப்பாங்க, அதோட பாஸ்வேர்டே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது, அதுக்கு ஒரு போன் நம்பர் குடுத்து ஒருத்தர உக்கார வெக்கணும். எங்களுக்கு அது எங்க பொருளாளர், பாவம் மனுஷன்.

அப்புறம் ஒரு விஷயம், சோதனை பண்ற சைட்டுல மெயில் போறத மொதல்ல நிறுத்துங்க. நான் நிறுத்தல. பழைய கருத்துகள உள்ள ஏத்துறதுக்கு நான் எழுதுன ஸ்கிரிப்ட் ஒவ்வொண்ணையும் புதுக் கருத்தாவே நெனச்சு, பதிவு எழுதுனவங்களுக்கு ராத்திரி முழுக்க மெயில் அனுப்பிருக்கு. காலையில ஆறு மணிக்கு ஒரு பெரியவர் போன் பண்றாரு. "தம்பி, முருகேசன் எம் பதிவுக்கு கருத்து போட்டிருக்கான்னு மெயில் வந்திருக்குப்பா." முருகேசன் ஐயா போயி நாலு வருஷம் ஆச்சு. (பேர மாத்திட்டேன்.) நான் மன்னிப்புக் கேட்டேன், அவரு கோவப்படல, "இல்லப்பா, அவன் 2012ல என்ன எழுதுனான்னே எனக்கு மறந்துபோச்சு, நல்லாத்தான் எழுதிருக்கான்"னாரு. எனக்குத்தான் அன்னிக்கு வேலை ஓடல.

எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகணுமா?

போலிக் கணக்கு வேண்டாம். ஒரு தடவ கூட உள்ள வராத, ஒரு வரி எழுதாத கணக்குகள மொத்தமா விட்டுட்டு வரலாம், எங்க பட்டியல்ல பெரும்பகுதி அதுதான்.

பொறந்த தேதி, வீட்டு விலாசம், போன் நம்பர், பொண்ணு மாப்பிள்ளை ஜாதகம், இதெல்லாம் 2005ல யாரும் யோசிக்காம உலகத்துக்கே தெரியுற மாதிரி போட்டிருப்பாங்க. 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னு சட்டமே வந்தாச்சு. சட்டம் இல்லாட்டியும் இருவது வருஷம் முன்னாடி வரன் தேடுன பொண்ணுக்கு இப்ப காலேஜ் போற புள்ள இருக்கும், அந்தப் பக்கம் இன்னும் கூகுள்ல வர்றது நல்லாவா இருக்கு? அத எடுக்க யாரையும் கேக்க வேண்டியதில்ல.

ஆனா "யாரும் பாக்காத பக்கம்"னு எண்ணிக்கைய வெச்சு எதையும் தூக்காதீங்க. எங்க கமிட்டியில ஒருத்தர் வருஷத்துக்கு பத்து பேரு கூட பாக்காத பக்கத்த எல்லாம் விட்ரலாம்னாரு. அந்தப் பட்டியல்ல எங்க கணக்கு வாத்தியாருக்கு எழுதுன இரங்கல் பக்கம் இருந்துச்சு, அதுக்குக் கீழ மூணு தலைமுறை பசங்க எழுதுன கருத்து. கருத்து எடுத்துட்டு வரும்போது டைம்ஸோன் பாத்துக்கங்க, ட்ருப்பல் நேரத்த கிரீன்விச் கணக்குல ஒரு நம்பரா வெச்சிருக்கும், வேர்ட்பிரஸ்ல நம்ம ஊரு நேரத்த அமைக்காம ஏத்துனா அஞ்சரை மணி நேரம் பின்னாடி போயிரும். பொங்கலன்னிக்கு விடியக்காலையில போட்ட வாழ்த்து போகி ராத்திரியில நிக்கும்.

எதையும் எறிய மனசு வரலன்னா, எச்டிடிராக் மாதிரி ஒண்ண வெச்சு பழைய சைட்ட அப்படியே வெறும் எச்டிஎம்எல்லா உரிச்சு ஒரு சப்டொமைன்ல போட்டுருங்க. டேட்டாபேஸ் கிடையாது, பிஎச்பி கிடையாது, ஆள் பூந்து வர ஓட்டையும் கிடையாது. மேல சொன்ன பாமினி சைட்டுகளுக்கு இதையும் சேத்துப் பண்ணுங்க.

மாத்துற அன்னிக்கு என்ன பாக்கணும்?

அன்னிக்கு இல்ல, ஆறு மாசம் முன்னாடியே டொமைன் யாரு பேருல இருக்குன்னு பாருங்க. நூத்துக்கு தொண்ணூறு, மூணு செயலாளருக்கு முந்துன செயலாளரோட சொந்த மெயில் ஐடியில இருக்கும், அவரு இப்ப அமெரிக்காவுல மகன் வீட்டுல இருப்பாரு. மாத்த ஒரு நாள் முன்னாடி டிஎன்எஸ்ல (சைட் எந்த சர்வர்ல இருக்குன்னு சொல்ற பதிவு) டிடிஎல்ல, அதாவது அந்தப் பதில மத்த கம்ப்யூட்டருங்க ஞாபகம் வெச்சுக்குற நேரத்த, 300 செகண்டுக்கு கொறைங்க. நேம்சர்வர (அந்தப் பதிவு இருக்குற சர்வர) மாத்துறீங்கன்னா மெயிலுக்கான எம்எக்ஸ் வரிகளையும் புது எடத்துல எழுதுங்க. நான் மறந்துட்டேன், ரெண்டு நாள் சங்கத்து மெயில் எதுவும் வரல, யாரும் எழுதலைன்னு நெனச்சுட்டோம்.

பழைய சைட்ட அன்னிக்கு பூட்டிருங்க, படிக்கலாம், எழுத முடியாதுன்னு. திருவிழா, பொதுக்குழு, தேர்தல் இருக்குற மாசத்துல இந்த வேலையே வேண்டாம்.

பழைய சர்வர எப்ப நிறுத்தலாம்?

நாங்க ஆறு மாசம் காசு கட்டி வெச்சிருந்தோம். நிறுத்துறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ், ஃபைல் ரெண்டையும் மூணு எடத்துல எடுத்து வெச்சு, அதுலேர்ந்து ஒரு லேப்டாப்ல சைட்ட மறுபடி எழுப்பிப் பாத்தோம். எழுந்துச்சு. நிறுத்துன மறுவாரம் துபாய்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணி 2006 ஆண்டு விழாவுல அவங்க அப்பா பேசுன ஆடியோ இருந்துச்சே எங்கன்னு கேட்டாரு. ரியல் பிளேயர் ஃபைலு, கன்வெர்ட்டே பண்ணல, புது சைட்டுல இல்ல. லேப்டாப்லேர்ந்து எடுத்து எம்பி3 ஆக்கி அனுப்புனேன், அஞ்சு நிமிஷம், பாதிக்கு மேல மைக்கு கொர்ருன்னு கத்துது.